12:30க்கு மட்டும் ஃபெயிலாகும் டெஸ்ட்: மேன் கட்டளையில் ஒளிந்திருந்த ஜோக்

2017 நவம்பரில் யுனிக்ஸ், லினக்ஸ் ஆட்களுக்கான ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கேள்வி-பதில் தளத்தில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். அவர்களுடைய தானியங்கி டெஸ்ட்களில் சில நள்ளிரவு 12:30க்கு ஓடினால் ஃபெயிலாகின்றன. அதையே வேறு எந்த நேரத்தில் ஓட்டினாலும் பாஸ். ஃபெயிலாகும்போது, பிழைச் செய்தி வரவேண்டிய இடத்தில் ‘கிம்மி கிம்மி கிம்மி’ என்று ஒரு வரி வந்து நிற்கிறது. இது எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பதுதான் கேள்வி.

சர்வர் பார்த்துக்கொள்கிற யாருக்கும் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் இரண்டு சந்தேகம் வரும். யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். இல்லையென்றால், கூட வேலை செய்கிற எவனோ விளையாடுகிறான். இரண்டாவது சந்தேகம் கிட்டத்தட்ட சரி. ஆனால் விளையாடியவருக்கும் அந்த அலுவலகத்துக்கும் சம்பந்தமே இல்லை. விளையாடி ஆறு வருடமும் ஆகியிருந்தது.

மென்பொருளுக்குள் ஒளித்துவைக்கும் இந்த மாதிரி வேடிக்கைகளை ஈஸ்டர் முட்டை என்பார்கள். ஆட்டாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் ‘அட்வென்ச்சர்’ என்ற வீடியோ கேமுக்குள் யாருக்கும் சொல்லாமல் தன் பெயரை ஒளித்துவைத்த காலத்திலிருந்து அந்தப் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. கேம் எழுதியவர் பெயரை ஆட்டாரி அப்போது வெளியே போடாது. அதற்கு அவர் செய்த பதில் அது. அதன் பிறகு வந்த நூற்றுக்கணக்கான முட்டைகளில் பெரும்பாலானவை யாருக்கும் தொந்தரவு தராமல் கிடந்தன. அந்த ‘கிம்மி’ வரியை அச்சடித்த, கையேடு காட்டும் மேன் கட்டளையின் முட்டை மட்டும் ஏன் உடைந்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் தவறு எந்த வரியில் நடந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

கட்டளையும் அதன் மூன்று முகங்களும்

யுனிக்ஸின் முதல் கையேடு 1971இல் வந்தது. கையேட்டைத் திரையிலேயே காட்டும் கட்டளைதான் மேன். மேனுவல் என்பதன் சுருக்கம். ‘மேன் எல்எஸ்’ என்று அடித்தால், ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை பற்றிய பக்கம் வரும். லினக்ஸில் டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது மேன்-டிபி என்ற தொகுப்பு. 2001 முதல் அதைப் பராமரித்து வருபவர் காலின் வாட்சன். டெபியன், உபுண்டு வட்டாரத்தில் நன்கு தெரிந்த பெயர்.

மேன் கட்டளையை நாம் மூன்று விதமாகக் கூப்பிடலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டும். பெயரே சொல்லாமல் வெறுமனே ‘மேன்’ என்று அடித்தால் ‘எந்தக் கையேட்டுப் பக்கம் வேண்டும்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, தோல்வி என்ற குறியீட்டோடு வெளியேறும். மூன்றாவது, கொஞ்சம் ஓரமாக இருப்பது: பெயர் சொல்லாமல் ‘-டபிள்யூ’ என்ற விருப்பத்தை மட்டும் கொடுத்தால், கையேடுகளை எந்தெந்த டைரக்டரிகளில் தேடுகிறது என்ற பட்டியலைத் தரும். இதில் தோல்வி எதுவும் கிடையாது. கேட்டதைக் கொடுத்துவிட்டு, வெற்றி என்று சொல்லி முடியும்.

ஆட்கள் இதை அடிப்பது அபூர்வம். ஸ்கிரிப்ட்கள்தான் கேட்கும். இந்த வழக்கு முழுக்க இந்த மூன்றாவது முகத்தில்தான் இருக்கிறது.

ஜோக் உள்ளே வந்த கதை

2011 நவம்பரில் வாட்சனின் நண்பர் ஒருவர் ட்விட்டரில் விளையாட்டாக ஒரு யோசனை சொன்னார். நள்ளிரவுக்குப் பிறகு யாராவது மேன் என்று அடித்தால் கணினி ‘கிம்மி கிம்மி கிம்மி’ என்று சொல்லவேண்டும் என்பது யோசனை. ஸ்வீடனின் ஆபா குழு 1979இல் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பு அது. தலைப்பின் மீதிப் பாதியில், நள்ளிரவு தாண்டிய வேளைக்கு எனக்கு ஒரு ஆண் வேண்டும் என்று வருகிறது. ஆணுக்கு ஆங்கிலத்தில் மேன். கட்டளையின் பெயரும் மேன். அர்த்தராத்திரியில் கட்டளைவரியில் உட்கார்ந்துகொண்டு ‘மேன்’ என்று மட்டும் அடிப்பவருக்கு, பாட்டின் மீதியைக் கணினி பாடிக் காட்டும். ஜோக் அவ்வளவுதான். விளக்கிச் சொன்னால் கொஞ்சம் செத்துவிடுகிறது, ஆனால் ஜோக்காகப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது.

இந்த மாதிரி யோசனைக்கு வழக்கமாக ஒரு சிரிப்பு எமோஜியோடு கதை முடியும். வாட்சன் நிஜமாகவே எழுதிச் சேர்த்துவிட்டார்.

அந்த நிரல் சில வரிகள்தான். தலையில் ஒரு குறிப்பு: நண்பரின் அந்த ட்விட்டர் பதிவின் முகவரி. அடுத்து கணினியின் நேரத்தை வாங்கி உள்ளூர் நேரமாக மாற்றுகிறது. மணி 0, நிமிடம் 30 என்றால் மட்டும் ‘கிம்மி’ மூன்று முறை அச்சாகும். பாட்டு தொடங்குவதே பன்னிரண்டரை மணி என்று சொல்லித்தான். நிரலிலும் அதே நேரம்.

எழுதியதைக் கவனித்துப் பார்த்தால் அலட்சியமாக எழுதியதாகத் தெரியவில்லை. ஒரு நாளில் ஒரே ஒரு நிமிடம். பெயர் எதுவும் கொடுக்காதபோது மட்டும். வரி போவதும் ஸ்டாண்டர்ட் எரர் என்கிற பிழை ஓடையில். கட்டளை கொடுக்கும் உண்மையான பதில் போவது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில். யாராவது மேன் தரும் பதிலை இன்னொரு நிரலுக்குள் பைப் செய்தாலும் ஜோக் அந்தப் பக்கம் ஒழுகாது. வெளியேறும்போது சொல்லும் வெற்றி, தோல்விக் குறியீடும் மாறவில்லை. ஒரு ஜோக்குக்கு இவ்வளவு முன்னெச்சரிக்கை எடுத்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனாலும் ஒரு இடத்தில் சறுக்கிவிட்டது.

சறுக்கிய இடம்

மேன் நிரல் தனக்குக் கொடுத்த வார்த்தைகளைப் படித்து முடித்ததும், பெயர் ஏதாவது மீதி இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ஒரு பகுதிக்குள் நுழைகிறது. அந்தப் பகுதிக்குள் இரண்டு கிளைகள். ‘-டபிள்யூ’ கொடுத்திருந்தால் டைரக்டரிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வெற்றியோடு வெளியேறு; கொடுக்கவில்லையென்றால் ‘எந்தப் பக்கம் வேண்டும்?’ என்று கேட்டுவிட்டுத் தோல்வியோடு வெளியேறு.

ஜோக் இரண்டாவது கிளைக்காக எழுதப்பட்டது. அங்கே ஏற்கெனவே பிழைச் செய்தி ஒன்று வரத்தான் போகிறது. அதற்கு மேலே இன்னொரு வரி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அது உட்கார்ந்திருந்தது கிளை பிரிவதற்கு முன்னால். அதனால் 12:30க்கு ‘-டபிள்யூ’ கேட்டவருக்கும் அதே வரி போனது. அங்கே பிழை எதுவும் நடக்கவில்லை, வெற்றிதான்; ஆனாலும் பிழை ஓடையில் எழுத்து வருகிறது.

வெற்றி பெற்ற கட்டளையின் பிழை ஓடை காலியாக இருக்கவேண்டும் என்று பார்ப்பது டெஸ்ட் எழுதுபவர்களின் சாதாரணப் பழக்கம். நல்ல பழக்கமும்கூட. பல கட்டளைகள் எச்சரிக்கையை அங்கே முணுமுணுத்துவிட்டு வெற்றி என்று சொல்லி வெளியேறும். அதைப் பிடிக்க வேறு வழியில்லை. ஆக டெஸ்ட் சரியாகத்தான் வேலை செய்தது. ஓடை காலியாக இல்லை, ஃபெயில்.

இதை வீட்டில் பார்க்க ஆசைப்படுபவர்கள் நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டாம். ஃபேக்டைம் என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு நிரல் கணினியிடம் நேரம் கேட்கும்போது குறுக்கே புகுந்து, நாம் சொல்லும் நேரத்தைச் சொல்லிவிடும். மற்ற நிரல்களுக்கு எதுவும் தெரியாது. உபுண்டு 16.04 போன்ற ஒரு பழைய பதிப்பை, கணினிக்குள் கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினில் ஏற்றி, ஃபேக்டைமுக்கு 00:30 என்று கொடுத்து மேனை ஓட்டினால் மேல் வரியில் ‘கிம்மி கிம்மி கிம்மி’, கீழ் வரியில் ‘எந்தப் பக்கம் வேண்டும்?’. அப்புறம் பிழை ஓடையை மட்டும் தனி ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ‘-டபிள்யூ’ போட்டுப் பாருங்கள். திரையில் டைரக்டரிப் பட்டியல் சுத்தமாக வரும். ஃபைலைத் திறந்தால் ஆபா.

இன்னொரு விஷயம், நம் பக்கத்து ஆட்களுக்கு. நிரல் பார்ப்பது கணினியில் வைத்திருக்கும் உள்ளூர் நேரத்தை. வாடகை சர்வர்களும் கன்டெய்னர்களும் பெரும்பாலும் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகின்றன. யுடிசி 00:30 என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் காலை சரியாக 6 மணி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எட்டரை. சென்னையில் ஒருவர் காலை 6 மணி வேலை ஃபெயிலானதை நோண்ட ஆரம்பித்தால், நள்ளிரவும் தோன்றாது, பாட்டும் தோன்றாது. ஆறு மணிக்கு வேறு என்ன ஓடுகிறது என்று, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானின் பட்டியலைத்தான் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டவருக்குக் குறைந்தபட்சம் 12:30 என்ற துப்பாவது கையில் இருந்தது.

ஏன் ஆறு வருடம்

ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். நேரம் காலம் பார்க்காமல் ஓடும் ஒரு டெஸ்ட் அந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு 0.07 சதவீதம். மாட்டினாலும் என்ன நடக்கும்? யாராவது ‘மறுபடி ஓட்டிப் பார்’ என்பார்கள். ஓட்டினால் பாஸ். விட்டுவிடுவார்கள். அவ்வப்போது காரணமில்லாமல் ஃபெயிலாகும் டெஸ்ட்களுக்கு எல்லா அலுவலகத்திலும் இதே மரியாதைதான்.

மனிதர்கள் பக்கம் பார்த்தால் இன்னும் அரிது. மேன் என்று வெறுமனே அடிக்க யாருக்கும் காரணம் கிடையாது. கை தவறி என்ட்டர் தட்டினால்தான் உண்டு. அதை நள்ளிரவு 12:30க்குத் தட்டவேண்டும். தட்டியவர் ஆபா கேட்டவராக இருக்கவேண்டும். அப்படியும் ஒரு சிலர் கண்டுபிடித்து ரசித்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லாமே நேரம் எப்படியோ அமைகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. நேரம் குறித்து ஓடும் இயந்திரங்களுக்கு இது பொருந்தாது. கிரானில் நேரம் போடும் எவரும் 00:37 என்று போடுவதில்லை. முழு மணியிலோ அரை மணியிலோதான் போடுவார்கள். அன்றாட வேலைகளை ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துக்குத் தள்ளுவார்கள். 00:00இல் எல்லாரும் குவிந்திருப்பதால் கொஞ்சம் தள்ளி 00:30. மனிதனுக்கு ஒதுக்குப்புறமாக இருக்கிற அந்த நிமிடம் தானியங்கி வேலைகளுக்குக் கடைத்தெரு மாதிரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கால் மணிக்கு ஒருமுறை என்று ஓடும் எதுவும் தினமும் தவறாமல் அந்த நிமிடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

ஜோக் எழுதும்போது மனதில் இருந்தவர் இரவு கண்விழித்துக் கட்டளை அடிக்கும் ஒரு நண்பர். ஜோக்கைக் கேட்டதோ, சிரிக்கத் தெரியாத ஒரு டெஸ்ட் ஸ்கிரிப்ட்.

தீர்வும் அதன் பிறகும்

கேள்விக்குப் பதில் எழுதியவர்களில் அந்த யோசனையைச் சொன்ன நண்பரே ஒருவர். தன்னால் வந்த வினைதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பக்கத்தின் பெயரே கொடுக்காமல் ஓட்டிய மேனின் வெளியீட்டை நம்பி ஒரு டெஸ்ட் இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் பதிலும் அதிலேயே இருக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் ஃபெடோராவிலும் இருக்கும் ஒரு கட்டளையை, அதை எழுதியவர் கற்பனை செய்யாத ஏதோ ஒரு விதத்தில் எங்கோ ஒருவர் பயன்படுத்திக்கொண்டுதான் இருப்பார். ஆறு வருடம் யாரும் மாட்டாததுதான் ஆச்சரியம்.

வாட்சன் முதலில் செய்தது சின்னத் திருத்தம்: ‘-டபிள்யூ’ கேட்பவர்களுக்கு இனி பாட்டு கிடையாது. மேலே சொன்ன சறுக்கலுக்கு அதுவே போதும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. ஜோக் அதற்குரிய கிளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் விஷயம் அதற்குள் இணையம் முழுக்கப் பரவி, ஜோக்கை வைத்துக்கொள் என்று ஒரு பக்கமும் எடுத்துவிடு என்று ஒரு பக்கமும் பேச்சு. கடைசியில் முழுவதுமாகவே எடுத்துவிட்டார்கள். இன்றைய மேன்-டிபியில் தேடினால் கிடைக்காது.

எடுத்தது சரியா? எனக்கு இதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. திருத்தத்துக்குப் பிறகு அது யாரையும் கடிக்கிற இடத்தில் இல்லை. வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு காரணம் எடுக்கச் சொல்லும் பக்கம் பலமாக நிற்கிறது: அது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே உள்ளீடு கொடுத்தால் ஒரே வெளியீடு வரும் என்பதுதான் இந்த மாதிரிச் சின்னக் கருவிகளின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கை. கையேட்டைக் காட்டும் கருவிக்கு மணி என்ன என்று தெரிய அவசியமே இல்லை.

பனி பெய்த பொத்தான்கள்

கடிகாரம் பார்க்கிற ஜோக் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அடுத்த வருடமே பெரிய உதாரணம் வந்தது. ஆன்ட் டிசைன் என்பது சீனாவின் ஆன்ட் ஃபைனான்ஷியல் நிறுவனத்திலிருந்து வந்த, வலைப்பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற நூலகத்துக்கான ஒரு கூறுத் தொகுப்பு. பொத்தான், பட்டியல், படிவம் எல்லாம் தயாராக இருக்கும். வலைப்பக்கம் செய்பவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். சீனாவில் ஏராளமான நிறுவனங்கள் அதை வைத்துத்தான் தங்கள் பக்கங்களைக் கட்டியிருந்தன.

2018 செப்டம்பரில் அதன் பராமரிப்பாளர்களில் ஒருவர் பொத்தான் கூறுக்குள் ஒரு சின்ன விஷயம் சேர்த்தார். மாதம் டிசம்பர், தேதி 25 என்றால் பொத்தான்களின் தலையில் பனி படிந்திருக்கும். சுட்டியை மேலே கொண்டுபோனால் ‘ஹோ ஹோ ஹோ’ என்று வரும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிரிப்பு. யாருக்கும் சொல்லவில்லை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எத்தனையோ நிறுவனங்கள் புதிய பதிப்புக்கு மாறி, டெஸ்ட் செய்து, தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தும்விட்டன. எந்த டெஸ்டிலும் இது தெரிய வழியில்லை, ஏனென்றால் எந்த டெஸ்டும் டிசம்பர் 25ஆம் தேதி ஓடவில்லை.

25ஆம் தேதி விடிந்ததும் பனி பெய்தது. அரசு அமைப்புகளுக்குச் செய்துகொடுத்த பக்கங்களிலும் பெய்ததாகப் புகார்கள் குவிந்தன. கிறிஸ்துமஸ் பொது விடுமுறையாகக்கூட இல்லாத நாட்டில், அரசுப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரம். செய்துகொடுத்தவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர்களுக்கே என்ன நடந்தது என்று தெரியாது. வேலை போய்விட்டதாகக்கூடச் சிலர் எழுதினார்கள். பராமரிப்பாளர் முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டார். திருத்திய பதிப்பும் உடனே வந்தது.

மேன் கதையில் திட்டு வாங்கியது ஒரு டெஸ்ட் ஸ்கிரிப்ட். இங்கே திட்டு வாங்கியவர்கள், ஜோக்கை எழுதவும் இல்லை, பார்க்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஒரு நூலகத்துக்குள் வைக்கும் ஜோக், எழுதியவர் வீட்டுத் திண்ணையில் நடப்பது கிடையாது. அடுத்தவர் கடை வாசலில், அவர் பெயரில் நடக்கிறது. ஆன்ட் டிசைன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, அது செய்திருக்கக் கூடாத வேலை.

கேட்டால் மட்டும் வருகிறவை

இதைப் படித்துவிட்டு ஈஸ்டர் முட்டையே ஆகாது என்று முடிவு கட்டுவது எளிது. மைக்ரோசாஃப்ட் கிட்டத்தட்ட அந்த முடிவுக்குத்தான் வந்தது. எக்செல் 97இல் ஒரு விமானம் ஓட்டும் காட்சியே ஒளிந்திருந்தது. ‘எக்ஸ்97:எல்97’ என்ற இடத்துக்குத் தாவி, டேப் தட்டி, கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் அழுத்தியபடி சார்ட் விஸார்ட் பொத்தானைச் சொடுக்கவேண்டும். கணக்குத் தாள் மறைந்து ஒரு மலைப் பிரதேசத்தின் மேல் பறக்க ஆரம்பிப்போம். தேடிப் போனால் எக்செல் எழுதியவர்களின் பெயர்கள் ஓடும். 2002 ஜனவரியில் பில் கேட்ஸ், இனி நம்பகத்தன்மைக்கே முதலிடம் என்று ஊழியர்களுக்கு ஒரு மடல் அனுப்பினார். அதன் பிறகு இந்த வேடிக்கைகளுக்கு அங்கே இடமில்லாமல் போனது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் லாரி ஆஸ்டர்மன் 2005இல் காரணத்தை விளக்கி எழுதினார். ஆவணத்தில் சொல்லாத ஒன்றை உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்றால், சொல்லாத வேறு என்னென்ன இருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்பார் என்பதுதான் அதன் சாரம்.

வங்கிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் மூல நிரலைக் காட்டாமல் விற்கும் நிறுவனத்துக்கு அது சரியான வாதம். மேன்-டிபி மாதிரியானவற்றுக்கு அதே வாதம் ஒட்டாது. யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து படிக்கலாம்; மேன் ஜோக்கின் தலையிலேயே அதன் பிறப்புச் சான்றிதழ் ஒட்டியிருந்தது.

டெபியன் குடும்பத்தில் நிரல்களை நிறுவும் ஆப்ட்-கெட்டைப் பாருங்கள். உதவிக் குறிப்பின் கடைசி வரியில், இந்த ஆப்டுக்குப் பசுவின் மகாசக்தி உண்டு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ‘ஆப்ட்-கெட் மூ’ என்று அடித்தால் எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு வந்து, இன்று ‘மூ’ சொல்லியாகிவிட்டதா என்று கேட்கும். ‘மூ’ என்று அடிக்காதவரை அந்த மாடு வராது. அடிப்பவர் வேடிக்கை பார்க்கத்தான் அடிக்கிறார். அதன் உறவுக்காரரான ஆப்டிட்யூட் இன்னும் ஒரு படி மேலே போகும். அங்கே ‘மூ’ அடித்தால், இந்த நிரலில் ஈஸ்டர் முட்டை எதுவும் இல்லை என்று சொல்லும். விவரமாகச் சொல் என்று ‘-வி’ சேர்த்தால், நிஜமாகவே இல்லை என்று சொல்லும். இன்னும் ஒரு ‘வி’ சேர்த்தால், ஏற்கெனவே சொன்னேனே என்று சலித்துக்கொள்ளும். விடாமல் சேர்த்துக்கொண்டே போனால் ‘சரி, சரி, ஒன்று கொடுத்தால் போய்விடுவாயா?’ என்று இறங்கி வரும். ஆறு ‘வி’ வரை போகிறவருக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு யானையை விழுங்கிய பாம்பு. எனக்குத் தெரிந்து முட்டைகளிலேயே ஒழுங்காக எழுதப்பட்டது இதுதான். பயனர் ஒவ்வொரு அடியிலும் தானே கேட்டு வாங்குகிறார்.

நடுவில் நிற்பவையும் உண்டு. சர்வர்களை நிர்வகிக்கும் ஆன்சிபிள், கணினியில் கவ்சே என்ற நிரல் இருந்தால் தன் தலைப்பு வரிகளை எல்லாம் ஒரு மாட்டின் வாயிலிருந்து சொல்ல வைக்கும். கேட்காமலே வருவதுதான், ஆனால் நிறுத்த ஒரு அமைப்பு இருக்கிறது, அது ஆவணத்திலும் இருக்கிறது. குரோம் உலாவியில் இணையம் அறுந்தால் வரும் டைனோசர் விளையாட்டும் அப்படித்தான். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினிகளை நிர்வகிப்பவர்கள் அதை அணைத்துவைக்க ‘டைனோசர் ஈஸ்டர் முட்டையை அனுமதி’ என்ற அர்த்தத்தில் ஒரு தனிக் கொள்கை அமைப்பையே கூகுள் கொடுத்திருக்கிறது. ஒளித்துவைத்த ஜோக்குக்கு அதிகாரபூர்வ ஸ்விட்ச் என்பது தனி நகைச்சுவை.

நம் டெஸ்ட்களுக்கு

நம் நிரலில் ஜோக் எதுவும் இல்லை என்று நாம் சத்தியம் செய்யலாம். நாம் இறக்கிக்கொண்ட முந்நூறு தொகுப்புகளுக்காகச் சத்தியம் செய்ய முடியாது. எல்லாவற்றையும் உட்கார்ந்து படிப்பதும் நடக்காத காரியம். ஆனால் ஃபேக்டைமை டெஸ்ட் ஓட்டத்தில் சேர்ப்பது அரை நாள் வேலை. வாரத்துக்கு ஒருமுறை மொத்த டெஸ்ட்களையும் சில நேரங்களை வைத்து ஓட்டிப் பாருங்கள்: 00:30, ஏப்ரல் 1, பிப்ரவரி 29, டிசம்பர் 25, டிசம்பர் 31 இரவு 11:59. உள்ளூர் நேரத்தில் ஒருமுறை, யுடிசியில் ஒருமுறை. உலாவியில் ஓடும் நிரலுக்கு இதே மாதிரிக் கடிகாரத்தை மாற்றிக் கொடுக்கும் வசதி ஜெஸ்ட் போன்ற டெஸ்ட் கருவிகளிலேயே இருக்கிறது. ஆன்ட் டிசைனின் பனி அதில் பொத்தானின் ஸ்னாப்ஷாட்டை, அதாவது முன்பு எழுத்தாகப் பதிந்துவைத்த வெளியீட்டை, ஒப்பிட்டாலே மாட்டியிருக்கும். ஃபெயிலான வரியை ‘மறுபடி ஓட்டு’ என்று தள்ளாமல், எந்தத் தொகுப்பு நேரத்தைக் கேட்டது என்று ஒருமுறை தேடுங்கள். ஆபா கிடைக்காவிட்டாலும், லீப் வருடத்தை மறந்த தேதிக் கணக்கு ஒன்றாவது கிடைக்கலாம்.